பாய்மரப் படகு எஞ்சினில் துருவும் ஒழுகலும்: தோட்டப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பேராக், ஆயர் தாவார், சித்தியவான் பக்கத்துப் பட்டறைகளுக்கு டிராக்டரும் லோரியும்தான் தினப்பாடு. ஆனால் அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் லூமுட் வந்துவிடும். அங்கே கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகள் பெரும்பாலானவற்றின் வயிற்றிலும் ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருக்கிறது. காற்று இல்லாதபோதும் துறைக்குள் நுழையும்போதும் படகை நகர்த்துவது அதுதான். 'எஞ்சின் சூடாகிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது, வந்து பார்க்க முடியுமா' என்று அழைப்பு வந்தால் தயங்க வேண்டாம். டிராக்டர் எஞ்சின் பிரித்துப் பழகியவருக்கு இதில் முக்கால்வாசி தெரிந்த சங்கதிதான். பீட்டா மரீன் என்ற படகு எஞ்சினின் பிளாக்கே, டிராக்டர் செய்யும் குபோட்டா கம்பெனியுடையதுதான். தெரியாத கால்வாசி, ரேடியேட்டரும் விசிறியும் இல்லாத குளிர்விப்பு. இந்த வழிகாட்டி அதைப் பற்றி மட்டும்.

உப்பு இரும்பை என்ன செய்யும் என்று தோட்டத்து ஆட்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. செம்பனைக்கு உரம் ஏற்றிப் போகும் டிரெய்லரின் அடித்தகடு எவ்வளவு சீக்கிரம் பொத்துப் போகிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்த மூட்டையில் இருப்பது பெரும்பாலும் எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைடு. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலும் வேலையைக் காட்டுவது அதே குளோரைடுதான். டிரெய்லரில் வெளியே நடப்பது படகு எஞ்சினில் குழாய்க்கு உள்ளே, சூட்டோடு சேர்ந்து நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீர் போகும் வழி

படகின் அடியில் ஒரு வால்வு. சீகாக் என்பார்கள். அதன் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து, ஸ்ட்ரெய்னரில் குப்பை வடிந்து, ரப்பர் இம்பெல்லர் (இதழ்கள் உள்ள சுழலும் சக்கரம்) உள்ள பம்புக்குப் போகிறது. இதற்கு மேல் இரண்டு வகை.

பழைய, எளிய வகையில் கடல்நீர் நேராக எஞ்சின் பிளாக்குக்குள் சுற்றும். யன்மார் 2ஜிஎம்20 எஞ்சின் இப்படிப்பட்டது. சூடு ஏறினால் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும் என்பதால் இதில் தெர்மோஸ்டாட் 42 டிகிரி வாக்கிலேயே திறந்துவிடும். லோரி தெர்மோஸ்டாட் நினைப்பில் அதிக சூட்டில் திறப்பதை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

மற்ற வகையில் பிளாக்குக்குள் கூலன்ட் சுற்றும். கடல்நீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி, கூலன்டின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். 2ஜிஎம்20எஃப் என்று பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடினால் இந்த வகை.

இரண்டிலும் கடைசி இடம் ஒன்றுதான். எக்ஸாஸ்ட் எல்போ என்ற வளைகுழாயில் கடல்நீர் புகையோடு கலந்து, மஃப்ளர் வழியாகப் படகின் பின்புறம் கொட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது பின்னால் தண்ணீர் துப்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

துடைப்பதற்கு முன் பாருங்கள்

போனிலேயே படகுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும் வரை எஞ்சினைக் கழுவ வேண்டாம். மரியாதைக்காகச் சுத்தம் செய்து வைப்பார்கள். பாதித் தடயம் அதிலேயே போய்விடும். படகு எஞ்சினில் ஒழுகல் பெரும்பாலும் சொட்டாக வருவதில்லை, கறையாகத்தான் வருகிறது. எஞ்சின் சூட்டில் தண்ணீர் காய்ந்துவிடும். அதில் இருந்தது மட்டும் தங்கிவிடும்.

வெள்ளையாகப் பொரிந்து நிற்பது கடல் உப்பு. ஈரத்துணி பட்டால் கரைந்துவிடும். கரையாமல் மாவாக உதிர்ந்து, அடியில் குழி விட்டிருந்தால் அது உப்பு இல்லை, அலுமினியமே அரித்து வெளியே வருகிறது. பச்சையோ நீலமோ கலந்த பூச்சு செம்பு, வெண்கலப் பாகங்களில் வரும். ஜாயின்ட் மெதுவாகக் கசிகிறது என்று பொருள். ஒட்டும் பிசினாகப் பச்சையிலோ இளஞ்சிவப்பிலோ இருந்தால் கூலன்ட். சிலர் நாக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம்.

பித்தளை பிட்டிங்கில் மஞ்சள் போய்ச் செம்பு நிறம் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதை உடனே கணக்கில் எடுங்கள். பித்தளையில் இருந்த துத்தநாகத்தைக் கடல்நீர் தின்றுவிட்டது, மிஞ்சியிருப்பது பொறபொறப்பான செம்புக் கூடு. பார்வைக்கு முழுசாக இருக்கும், ஸ்பேனர் வைத்தால் கையோடு வரும். படகு தண்ணீரில் மிதக்கும்போது சீகாக் பக்கத்தில் இப்படி ஒரு பிட்டிங்கைத் திருகினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த வேலை படகைக் கரையேற்றிய பிறகுதான். ஹார்ட்வேர் கடையில் வீட்டுக் குழாய்க்கு விற்கும் பித்தளையை அந்த இடத்தில் போடவே கூடாது. வெண்கலமோ, துத்தநாகம் அரிபடாத, டிஇசட்ஆர் என்று முத்திரை உள்ள பித்தளையோதான் கேட்டு வாங்க வேண்டும்.

கறையின் உச்சியைத் தேடுங்கள். தண்ணீர் கீழே வழியும், காற்றில் தெறிக்கும், பெல்ட்டில் பட்டுச் சிதறும். கறை தொடங்கும் மிக உயரமான இடம் எதுவோ, சந்தேகம் அங்கிருந்து ஆரம்பம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்த பிறகு, சுத்தமாகத் துடைத்து, சந்தேக இடங்களில் டிஷ்யூத் தாள் சுற்றி வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

சீகாக் திறந்திருக்கிறதா, அதன் கைப்பிடி அசைகிறதா என்று முதலில் பாருங்கள். கைப்பிடி இறுகிப்போன படகில், பக்கத்தில் அளவான மரக்கட்டை அடைப்பான் ஒன்று இல்லாமல் ஹோஸைத் தொடாதீர்கள்.

எஞ்சினைப் போட்டு, வேலைச் சூடு வரும் வரை கொஞ்சம் லோடில் ஓட விடுங்கள். பின்னால் கொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது, எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று எஞ்சின் மூடியின் உள்பக்கமே எழுதி வையுங்கள். அடுத்த முறை வருபவருக்கு அதுதான் அளவுகோல்.

ஐம்பது அறுபது ரிங்கிட் இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் வேலை பாதி. ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு வயர் டேப் ஒட்டி, அதன் மேல் அளவு எடுங்கள். எல்போவுக்குப் பிறகு வரும் ரப்பர் ஹோஸ் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் கடல்நீர் போதவில்லை. தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் கோளாறு கூலன்ட் பக்கம், இல்லாவிட்டால் எக்ஸ்சேஞ்சருக்குள் பொரியாகக் கட்டிய உப்பும் சுண்ணாம்பும்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் செல்ஃபைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பம்ப் தண்ணீரை மஃப்ளருக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியே ஊதப் புகை இல்லை. மஃப்ளர் நிறைந்து, தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போய்விடும். சீகாக்கை மூடிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் பிடித்த அந்தக் கணமே திறந்துவிடுங்கள். டிராக்டரில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்பதால் புதிதாகப் படகைத் தொடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

பம்ப்

மூடியின் ஐந்தாறு ஸ்குரூவைக் கழற்றினால் இம்பெல்லர் தெரியும். இதழ்கள் வளைந்தே நின்றுவிட்டாலோ, அடியில் வெடிப்பு இருந்தாலோ மாற்றுங்கள். ஒரு இதழ் குறைந்தால் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் மூடியைப் போடக் கூடாது. பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். புதிய இம்பெல்லருக்குக் கிரீஸ் பூசாதீர்கள், பாத்திரம் கழுவும் சோப்பு போதும். தண்ணீரில்லாமல் ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே ரப்பர் கருகிவிடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது.

மூடியின் உள்பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் திருப்பிப் போடலாம், மறுபக்கம் வழவழப்பாக இருக்கும்பட்சத்தில்.

பம்பின் கழுத்தில், கடல்நீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் ஒரு சின்ன ஓட்டையோ பிளவோ இருக்கும். அங்கே சொட்டினால் சீல் போய்விட்டது. ஒழுகுகிறதே என்று அந்த ஓட்டையைச் சிலிக்கன் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஓட்டை இருப்பதே தண்ணீர் வெளியே போக வேண்டும் என்பதற்காக. அடைத்தால் அது ஷாஃப்ட் வழியாக எஞ்சின் ஆயிலுக்குள் போகும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், ஆயில் பால் கலந்த தே தாரிக் நிறத்தில் இருந்தால் ஏற்கெனவே போய்விட்டது. சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஷாஃப்டில் சீல் உரசிய இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் ஒழுகும், ஷாஃப்டும் மாற வேண்டும்.

ஹோஸும் கிளிப்பும்

கிளிப் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று விற்பதில் பலவற்றில் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், ஸ்குரூ சாதா இரும்பு. பாக்கெட்டில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூவில் கப்பென்று ஒட்டினால் அது லோரிக்குப் போகட்டும். 316 அல்லது ஏ4 என்று குறி உள்ளதே படகுக்கு.

அப்படிப்பட்டதும் அரிக்கும், மறைவாக. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பாற்றும் மெல்லிய படலம் நிலைக்கக் காற்று வேண்டும். ஸ்குரூ உட்காரும் கூட்டுக்குள் மாட்டியிருக்கும் பட்டைப் பகுதியில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல், அங்கேதான் முதலில் அறுந்துபோகும். வெளியே கிளிப் புதிதாக மின்னும். அதனால் கண்ணால் பார்த்து நம்பாமல், கால் சுற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். அறுந்து போக வேண்டியது உங்கள் கையிலேயே அறுந்து போகட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள இடங்களில், பிட்டிங் நீளம் அனுமதித்தால், இரண்டு கிளிப்.

ஹோஸ் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கூலன்ட் பக்கத்துக்கு நல்ல லோரி ஹோஸ் போதும். பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ் வேண்டும், இல்லாவிட்டால் வேகம் ஏறும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நிறுத்தியதும் மறுபடி உருண்டையாகிவிடும் என்பதால் கோளாறு பிடிபடாமல் அலைய விடும்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர்

கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் கறை இல்லை. அப்படியானால் உள்குழாயில் ஓட்டை விழுந்து, கூலன்ட் கடல்நீரோடு கலந்து பின்னால் போகிறது என்று சந்தேகப்படுங்கள். சோதிக்க லோரி ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் பிரஷர் டெஸ்டரே போதும். எஞ்சின் ஆறிய பிறகு, சீகாக்கை மூடி, எக்ஸ்சேஞ்சரின் கடல்நீர் ஹோஸ் இரண்டையும் கழற்றி, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். டெஸ்டரைக் கூலன்ட் வாயில் மாட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை அடியுங்கள். 0.9 பார் என்பது பரவலான அளவு. பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கி, கடல்நீர் வாயில் கூலன்ட் நிறத்தில் சொட்டு வந்தால் முடிவு தெரிந்துவிட்டது. முள் இறங்கியும் எங்கும் சொட்டு இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் திரும்புங்கள். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழி ஓயாமல் வருகிறதா பாருங்கள்.

பிரிக்கும்போது, குழாய்க் கட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பெயின்ட்டால் கோடு போட்டுவிட்டு, மரத்துண்டு வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி வெளியே தள்ளுங்கள். இந்தக் குழாய்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்தவை, சுவர் மெல்லியது. வெல்டிங் கம்பியை விட்டுக் குத்தினால் கீறிவிடும். அதற்குச் சாத்தே குத்தும் மூங்கில் குச்சிதான் சரி. ஒரு கட்டு வாங்கி, குழாய்க்கு ஒன்றாக உள்ளே விட்டு எடுங்கள். இம்பெல்லர் துண்டு, ஜிங்க் (துத்தநாகம்) செதில், சிப்பி எல்லாம் எதிர்முனையில் விழும். தென்னை ஈர்க்கும் நடக்கும், ஆனால் பாதியில் ஒடியும்.

இறுகிப் பிடித்த வெள்ளைப் பொரிக்கு அமிலம் வேண்டும். லேசான படிவென்றால் சமையல் வினிகரில் ஒரு ராத்திரி ஊற வைத்தாலே விடும். கனமாக இருந்தால் பாஸ்பரிக் அமிலம் கலந்த படகு டீஸ்கேலர் வாங்கி, டப்பாவில் உள்ள அளவுப்படி கலந்து பயன்படுத்துங்கள். பொங்கி நுரைப்பது நின்றால் வேலை முடிந்தது. அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் வீட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். தோலைப் பொசுக்கும், அலுமினியத்தையும் தின்னும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டாம், அதுவும் குளோரைடுதான். எந்த அமிலமானாலும் அலுமினிய உறைக்குள் ஊற்றாதீர்கள். குழாய்க் கட்டை வெளியே எடுத்து, பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து.

ஒன்றிரண்டு குழாய் பொத்திருந்தால் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு மற்றவற்றில் ஓட்டலாம். ரேடியேட்டர் கடையில் வெள்ளி சோல்டர் வைத்துத் தருவார்கள். பத்தில் ஒரு குழாய்க்கு மேல் அடைக்க வேண்டி வந்தால் புதுக் கட்டு வாங்கச் சொல்லுங்கள். ஓ-ரிங் உட்காரும் அலுமினிய விளிம்பில் குழி விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேலோட்டமான குழியை எபாக்சி நிரப்பித் தேய்த்துவிடலாம். ஆழமாக இருந்தால் எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் கசியும்.

எல்போவும் மேலே உள்ள வால்வும்

எஞ்சினிலேயே மோசமான இடம் எல்போ. ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் உப்புத் தண்ணீர். கரியும் உப்பும் உள்ளே கெட்டியாகப் படிந்து துவாரம் சுருங்கும். அதே நேரம் சுவர் உள்ளிருந்து மெலியும். கறுப்புப் புகை, வேகம் ஏறாமல் திணறல், தண்ணீர் குறைவது, இவை சேர்ந்து வந்தால் எல்போவைக் கழற்றுங்கள். சின்ன ஸ்பேனரால் சுற்றித் தட்டினால் மெலிந்த இடத்தில் சத்தம் மங்கும். தண்ணீர் சேரும் உள்வாயில் ஸ்குரூடிரைவர் நுனியை அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் காலம் முடிந்தது. வார்ப்பிரும்பில் ஒட்டு வெல்டிங் இங்கே நிற்காது. லேத் கடையில் 316 ஸ்டெயின்லெஸ்ஸில் செய்து வாங்குவதானால் பழைய எல்போவின் கோணத்தையும், தண்ணீர் விழும் திசையையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் எஞ்சின் பக்கம் திரும்பி ஓடும்படி ஒரு கோணம் மாறினாலும் போச்சு.

எல்போ நீர்மட்டத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும் படகுகளில், ஹோஸை மேலே ஏற்றி வளைத்து, உச்சியில் ஒரு சின்னக் காற்று வால்வு வைத்திருப்பார்கள். எஞ்சின் நின்ற பிறகு கடல்நீர் தானாக இழுபட்டு உள்ளே வழியாமல் தடுப்பது அதுதான். உப்புக் கட்டி அது அடைத்துக்கொண்டால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கும். கழற்றி வெந்நீரில் அலசி, வாயால் ஊதிப் பாருங்கள். காற்று ஒரு பக்கம் மட்டும் போக வேண்டும்.

சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அன்றைக்கே இன்ஜெக்டரைக் கழற்றி, கையால் சுற்றி வெளியேற்றி, ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்றி, எஞ்சினை ஓட வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பிஸ்டன் ரிங் பிடித்துக்கொள்ளும்.

ஜிங்க்

செம்பும் இரும்பும் அலுமினியமும் ஒரே உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் எளிதில் அரிக்கும் உலோகம் கரையும். அதற்குப் பலியாகத்தான் ஜிங்க் வைக்கிறார்கள். பென்சில் அளவு துண்டு, பித்தளைப் பிளக்கின் முனையில். எல்லா எஞ்சினிலும் இருக்காது, மேனுவலில் பாருங்கள். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். நம் கடல் வருடம் முழுக்க 28, 30 டிகிரிச் சூடு, அதனால் மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. பிளக்கின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், உலோகத்தோடு உலோகம் தொட்டால்தான் அது வேலை செய்யும். மாதாமாதம் ஜிங்க் காணாமல் போனால் மின்சாரக் கசிவைத் தேடுங்கள். படகின் அடியில் நனைந்து கிடக்கும் பம்ப் வயரோ, துறையிலிருந்து எடுக்கும் கரை மின்சாரத்தில், கசியும் மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் இல்லாததோ காரணமாக இருக்கும்.

கூலன்ட்

'இங்கே என்ன பனியா பெய்யுது, பச்சைத் தண்ணி ஊத்தினா போதாதா அண்ணே' என்று தம்பிமார் கேட்பார்கள். போதாது. கூலன்டில் நமக்கு வேண்டியது உறையாமல் காக்கும் குணம் இல்லை, துருவைத் தடுக்கும் மருந்து. காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி, இல்லாவிட்டால் கலந்தே வரும் பாட்டில். பழைய பச்சை வகைக்கு இரண்டு வருடம், ஓஏடி என்ற கரிம அமில வகைக்கு ஐந்து வருடம் வரை ஆயுள். இரண்டையும் கலந்தால் கூழாகி அடைக்கும், நிறத்தை மட்டும் பார்த்து ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடும் பழக்கமும், கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பானும் இங்கே ஆகாது. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

நடுக்கடலில் ஒழுகினால் படகுக்காரர் என்ன செய்யலாம் என்றும் சொல்லிக் கொடுங்கள். ஹோஸ் வெடிப்புக்குத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் இரண்டு கிளிப். உலோக ஓட்டைக்கு, காய வைத்துத் தேய்த்து, இரண்டு பாக எபாக்சி. வேகத்தைக் குறைத்துக் கரை சேரும் வரைக்கும்தான் இது.

நேர்க் கடல்நீர் எஞ்சின்களில் ஒரு கட்டத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது. பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக் என்ற தகட்டு மூடி துருப்பிடித்திருந்தால் தட்டி எடுத்துப் புதிது போடலாம், அது சின்ன வேலை. ஆனால் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலிண்டர் சுவரின் வெளிப்புறம் அடுக்கடுக்காக உரிந்து வந்தால், கேஸ்கெட் காசைக்கூட வாங்காதீர்கள். நல்ல பம்ப், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், இன்ஜெக்டர் ஆகியவற்றைக் கழற்றி விற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், மிச்சம் பழைய இரும்புக் கடைத் தவுக்கேயின் தராசுக்கு.